ஆப்பிளின் பழைய காசோலை விலைக்கு வந்தால் எதைப் பார்ப்பது?

ஸ்டீவ் ஜாப்ஸ் கையெழுத்திட்ட தாள் என்று ஒன்று விலைக்கு வந்தால், கண் நேராகக் கையெழுத்துக்குத்தான் போகும். அதைக் கடைசியில் பாருங்கள். கையெழுத்தைப் பழகிப் பழகிப் போட்டுவிடலாம். தாளில் உள்ள மற்ற அனைத்தையும் காலம் பிசகாமல் செய்வதுதான் கடினம்.

முதலில் தேதியையும் பெயரையும் ஒத்துப் பாருங்கள். ஆப்பிள் 1976 ஏப்ரல் 1 அன்று 'ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற கூட்டு வணிகமாகத் தொடங்கியது. பதிவு பெற்ற நிறுவனத்தைக் குறிக்கும் 'இன்க்.' பெயரில் சேர்ந்தது 1977 ஜனவரி 3இல். 1976 தேதியிட்ட தாளில் 'இன்க்.' இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடித்த ஆப்பிள் சின்னமும் 1977இல் வந்ததே. அதற்கு முந்தைய சின்னத்தில் மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருந்தார். மைக்ரோசாஃப்டுக்கும் இதே சோதனைதான்: 1977இல் அது நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கியில் இருந்தது, அந்த ஆண்டின் லெட்டர்ஹெட்டில் வாஷிங்டன் மாநில முகவரி வரக் கூடாது.

அடுத்து மை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். பால்பாயிண்ட் பேனா காகிதத்தில் சிறு பள்ளம் விட்டுச் செல்லும். சாய்வான வெளிச்சத்தில் அது தெரியும். கோடு நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் இங்க்ஜெட் அச்சு. ஓரங்களில் கருந்தூள் சிதறியிருந்தால் டோனர், அதாவது லேசர் அச்சு அல்லது ஒளிநகல். ஜெல் பேனா 1984இல்தான் சந்தைக்கு வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பார்த்து வரைந்த கையெழுத்தில் கோட்டின் தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கும், நடுவில் நடுக்கம் தெரியும். வேகமாகப் போட்டதில் முனைகள் மெலிந்து ஓடும்.

புறஊதா விளக்கைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். 1950களிலிருந்தே அந்த ஒளியில் ஒளிரும் வெண்மையூட்டிகள் காகிதத்தில் கலக்கப்படுவதால், 1976 தாளும் நேற்றைய தாளும் ஒருபோல ஒளிரக்கூடும். அழித்த இடம், ஒட்டுப்போட்ட இடம் இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் அந்த விளக்கு உதவும்.

புதிதாகத் தொடங்குவோருக்குக் காசோலைதான் நல்லது. அதன் வரலாறு அதிலேயே இருக்கிறது: பின்புறம் பணம் பெற்றவரின் கையொப்பம், வங்கி முத்திரை, முன்புறம் கீழே வலது மூலையில் வங்கி பின்னர் அச்சிட்ட காந்த மை எண்கள். அந்த எண்கள் எழுதிய தொகையோடு பொருந்த வேண்டும். 1976 ஜூலை 23 அன்று ரேடியோ ஷாக் என்ற மின்னணுப் பொருள் கடைக்கு ஜாப்ஸ் எழுதிய 4.01 டாலர் காசோலை, 2023 டிசம்பரில் 46,063 டாலருக்கு ஏலம் போனது. சில்லறைத் தொகை என்று தள்ளிவிடாதீர்கள்.

பங்குச் சான்றிதழ்களில் இருப்பவை பெரும்பாலும் அச்சடித்த கையொப்பங்கள். அவற்றுக்கு அலங்கார மதிப்பே. ஜாப்ஸுடன் ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக், கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கையெழுத்திடுபவர். ஆகவே பழைய கையேட்டில் அவர் பிற்காலத்தில் மார்க்கரால் போட்டதற்கு, அந்தக் கால ஆவணத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

ஏலத்தில் கேட்கும்போது, வென்ற விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் சுமார் 25% வரை சேரும். அதைக் கழித்துவிட்டு உங்கள் உச்சவரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அசல் என்று சோதனை நிறுவனங்கள் தரும் நம்பகச் சான்றிதழிலும் போலி உண்டு. அதன் எண்ணை வழங்கிய நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தோடு தாளின் மடிப்பையும் கறையையும் ஒப்பிடுங்கள். போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வந்த பிறகு லேமினேஷனும் செலோ டேப்பும் வேண்டாம்; இரண்டும் மீட்க முடியாத சேதம். பிவிசி உறையும் மையை உரித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டையோடு படுக்கை வசமாக வையுங்கள். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் போதும். கடலோர ஊர் என்றால் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை வெள்ளிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டுவது நகலாக இருக்கட்டும். வெப்பத் தாளில் வந்த பழைய ஃபேக்ஸ் என்றால் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள், அந்த எழுத்து இருட்டில் வைத்தாலும் மங்கும்.