பூத்துக் கொட்டியும் காய்க்காத பேஷன் ஃப்ரூட் கொடி

பந்தல் நிறையப் பூ, ஒரு காய்கூட இல்லை. மஞ்சள் ரகக் கொடி வைத்த இரண்டாவது வருடம் இதுதான் நிலைமை. உரம் போதவில்லை என்று நினைத்து மாட்டெரு அள்ளிப் போட்டேன். இலைதான் தழைத்தது.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. மஞ்சள் ரகக் கொடி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது; வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். என்னிடம் இரண்டு கொடிகள் இருந்தன, ஆனால் இரண்டுமே ஒரே தாய்க்கொடியில் வெட்டி நட்ட குச்சிகள். கணக்குக்கு அது ஒரே செடிதான்! ஊதா ரகத்துக்குப் பொதுவாக இந்தப் பிடிவாதம் கிடையாது.

சரி என்று விதையில் முளைத்த இன்னொரு மஞ்சள் கொடியை வாங்கி அதே பந்தலில் ஏற்றினேன். அது பூத்ததும் கையாலேயே மகரந்தம் சேர்த்தேன். மஞ்சள் ரகம் நண்பகல் வாக்கில்தான் விரியும். காலையில் போய் ஏமாந்த நாட்கள் உண்டு. ஒரு கொடிப் பூவின் 5 மகரந்தப் பைகளைச் சிறு தூரிகையால் தொட்டு, மற்றக் கொடிப் பூவின் 3 சூல்முடிகளிலும் (மகரந்தத்தை ஏற்கும் நுனிகள்) தடவ வேண்டும். சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும்போது அவசரப்படக் கூடாது, கீழே வளைந்த பிறகே தொட வேண்டும்.

சில நாளில் பூவின் அடி உருண்டு திரளத் தொடங்கியது. இப்போது கருவண்டுகளே அந்த வேலையைப் பார்க்கின்றன. அவை துளைபோட்டுக் குடியிருக்கும் பழைய மரக்கம்பை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.