பெற்றோருக்கு கம்ப்யூட்டரா? மானிட்டரின் முதுகில் மாட்டிவிடுங்கள்

அப்பா அம்மாவுக்குச் சிக்கனமாக ஒரு கம்ப்யூட்டர் அமைக்கப் பெரிய கேபினட் தேவையில்லை. அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் சிறிய மினி பிசி ஒன்றை வாங்கி, வெசா பிராக்கெட் எனும் மாட்டும் தகட்டைப் போட்டு மானிட்டரின் பின்பக்கத்திலேயே திருகிவிடுங்கள்.

பல மானிட்டர்களின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். பிராக்கெட் அதில் கச்சிதமாக உட்காரும். மேஜையில் கீபோர்டும் மவுஸும் மட்டும்தான். ஒயர் எதுவும் காலில் இடறாது, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வீடியோ கால், செய்தி, பேங்க் வேலைக்கெல்லாம் 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு டிரைவ்) தாராளம்.

ஆனால் பவர் பட்டன் பின்னால் மறைந்துவிடும். அவர்களைத் தடவித் தேட விடாதீர்கள். மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம்) ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்கும்; அதை மாற்றிவிட்டால் சுவர் சுவிட்சைப் போட்டாலே போதும். அணைக்கும்போது மட்டும் முதலில் ஷட் டவுன், திரை முழுதாக அணைந்த அப்புறம்தான் சுவிட்ச். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மானிட்டரின் ஸ்டாண்டே அந்தத் துளைகளில்தான் மாட்டியிருக்கிறது என்றால் இது சரிவராது. கிராபிக்ஸ் கார்டு கேட்கும் வேலைகளுக்கும் உதவாது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் வேண்டாம். விண்டோஸ் 11 அதை ஆதரிப்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.