வெளிக்கடனை ஏற்றுமதியோடு ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வீட்டு வராந்தாவில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். குழித்துறை, தக்கலை, திங்கள்சந்தை என்று பல பக்கத்திலிருந்தும் ப்ராஜெக்ட் தாள்களோடு வருவார்கள். இந்த ஆண்டு மூன்று பேருக்கு ஒரே தலைப்பு: இலங்கை, வங்கதேசம் இரண்டின் வெளிக்கடன் சுமை. நான் எம்.ஃபில். படித்த காலத்தில் செய்த தவறுகளை அப்படியே மூன்று பேரும் செய்திருந்தார்கள். மில்லியனையும் கோடியையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் வாசிப்பிலேயே கண்ணில் பட்டுவிடும்.

ஜி.டி.பி.யை மட்டும் பார்ப்பது

ஜி.டி.பி. என்பது ஒரு நாட்டுக்குள் ஓராண்டில் நடக்கும் உற்பத்தியின் மொத்த மதிப்பு. ஆனால் டாலர் கடனை டாலரில்தான் அடைக்க வேண்டும். உள்நாட்டில் எவ்வளவு விளைந்தாலும், வெளியே விற்றாலோ வெளியிலிருந்து பணம் வந்தாலோதான் டாலர் கிடைக்கும்.

இரண்டு நாட்டுக்கும் வெவ்வேறு பகுதி எண்

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கடனை ஏற்றுமதியால் வகுத்துச் சதவீதம் காணும்போது மேலே வைக்கும் தொகுதியை, அதாவது கடனை, எல்லோரும் கவனமாக எடுக்கிறார்கள். பகுதியாகக் கீழே வைக்கும் 'ஏற்றுமதி' என்ற சொல்லில்தான் சறுக்கல். ஓர் அட்டவணையில் அது சரக்கு மட்டும். இன்னொன்றில் சரக்கோடு சுற்றுலா, கப்பல் போன்ற சேவைகளும் சேரும். வேறொன்றில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணமும் சேர்ந்திருக்கும்.

ஒரு பெண் கொண்டுவந்த கணக்கு இது. இலங்கையின் கடன் சுமார் 5,100 கோடி டாலர், 2021 சரக்கு ஏற்றுமதி 1,250 கோடி. விகிதம் 408 சதவீதம். வங்கதேசத்துக்கு 2021 ஜூன் கடன் சுமார் 8,160 கோடி. கீழே 3,876 கோடி சரக்கு ஏற்றுமதியோடு, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய 2,478 கோடியையும் கூட்டியிருந்தாள்; விகிதம் 128. 'இலங்கையின் சுமை மூன்று மடங்கு' என்று முடிவுரையும் எழுதிவிட்டாள். சரக்கை மட்டும் வைத்தால் வங்கதேசம் 210. இலங்கைக்கும் வெளிநாட்டுப் பணம் 549 கோடியைச் சேர்த்தால் அது 283. எப்படிப் பார்த்தாலும் இலங்கையின் சுமைதான் அதிகம். ஆனால் மூன்று மடங்கு இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் வங்கிக் கடன். ஒரு வீட்டுக்கு ரப்பர் ஷீட் விற்ற பணத்தை மட்டும் வருமானமாக எழுதி, அடுத்த வீட்டுக்கு ஷீட் பணத்தோடு மகன் துபாயிலிருந்து அனுப்புவதையும் எழுதினால் அந்த ஒப்பீட்டை யார் ஏற்பார்கள்? நாடு என்று வந்ததும் நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

என் ஆய்வேட்டில் நான் இதையே பிரேசிலுக்கும் தென் கொரியாவுக்கும் செய்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: 'கீழே இருப்பது இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதானா?' பதில் இல்லை. இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். ஆறு மாதம் போனது. பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுக் கூலியும் மறுபடி கொடுத்தேன். அட்டவணையின் அடிக்குறிப்பை வாசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சரக்கை மட்டும் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி எடுத்தால் போதுமா? அதுவும் போதாது. இலங்கையின் சரக்கு ஏற்றுமதி 2020இல் சுமார் 1,000 கோடி. அடுத்த ஆண்டு 1,250 கோடியாக ஏறியது. அந்த விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு நிலைமை தேறுவதாகவே தோன்றியிருக்கும். ஆனால் 2018இல் 440 கோடி டாலர் தந்த சுற்றுலா, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பிறகு 2021இல் ஐம்பது கோடிக்கு இறங்கியிருந்தது. வெளிநாட்டுப் பணமும் ஒரே ஆண்டில் 710 கோடியிலிருந்து 549 கோடியாகக் குறைந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. ஆகவே மூன்று வகையிலும் கணக்குப் போட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது எங்கே விலகுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிதியாண்டு

வங்கதேசத்துக்கு ஜூலை முதல் ஜூன். இலங்கைக்கு ஜனவரி முதல் டிசம்பர். இரண்டையும் ஒரே ஆண்டு என்று எண்ணிவிடக்கூடாது.

ஒரே ஆண்டை எடுப்பது

மழைக்காலத்தில் பால்வெட்டு நின்ற மாதத்தை வைத்து ஒரு ரப்பர் தோட்டத்தை மதிப்பிட மாட்டோம். மூன்றாண்டுச் சராசரி எடுங்கள்.

முகமதிப்பை வரம்போடு ஒப்பிடுவது

ஏழை நாடுகளுக்கு, அவற்றின் கடன் தாங்கும் திறனைப் பொறுத்து, ஐ.எம்.எஃப்.பும் (சர்வதேச நிதியம்) உலக வங்கியும் வைத்திருக்கும் 140, 180, 240 சதவீத வரம்புகள் கடனின் இன்றைய மதிப்புக்கானவை; அதாவது இனி கட்ட வேண்டிய தவணைகளை இன்றைய பணமாக மாற்றினால் வரும் தொகைக்கு. நாற்பது ஆண்டு, சொற்ப வட்டி என்று வாங்கிய கடனின் இன்றைய மதிப்பு முகமதிப்பைவிட, அதாவது பத்திரத்தில் எழுதிய கடன் தொகையைவிட, நன்றாகக் குறையும். வங்கதேசம் அப்படிப்பட்ட கடன் நிறைய வாங்கிய நாடு. முகமதிப்பில் வந்த 210ஐக் கொண்டுபோய் 180க்குப் பக்கத்தில் வைத்து 'ஆபத்து' என்று எழுதக்கூடாது.

மொத்த ஏற்றுமதியை அப்படியே நம்புவது

நம்மூர் அண்டி ஆபீஸை, அதாவது முந்திரி ஆலையைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டி வருகிறது. இங்கே பெண்கள் வறுத்து, உடைத்து, தோல் உரித்துப் பருப்பாக்குகிறார்கள். பருப்பு விற்ற டாலரில் ஒரு பெரும் பங்கு அண்டி வாங்கியதற்கே திரும்பிப் போய்விடும். வங்கதேசத்தின் ஏற்றுமதியில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடை. அதற்கான பருத்தி கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி. அந்தப் பங்கைக் கழித்த பிறகு கடனுக்குக் கட்ட என்ன மிஞ்சும் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

கணக்கைத் திருத்தி எழுத அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.