180 ரூபாய் புத்தகம் வீட்டுக்கு வந்து சேரும்போது எவ்வளவு?

போன வருடம் ஒரு சிறுகதைத் தொகுப்பு உடனே வேண்டும் என்று தோன்றி, இரவு பத்து மணிக்குப் போனில் தேடி, முதலில் வந்ததை 310 ரூபாய்க்கு வாங்கினேன். டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தது. பார்சலைப் பிரித்துப் பின்னட்டையைத் திருப்பினால் விலை ரூ.180. தபால் செலவையும் அதற்கு மேலும் விலையிலேயே ஏற்றிவிட்டுத்தான் அந்த விற்பனையாளர் இலவசம் என்று எழுதியிருக்கிறார்.

அதனால் முதல் வேலை, பின்னட்டை விலையைத் தெரிந்துகொள்வது. பதிப்பகத்தின் தளத்தில் பாருங்கள், இல்லையென்றால் அவர்களுக்கே வாட்ஸப்பில் கேளுங்கள், சின்னப் பதிப்பகங்கள் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவார்கள், ஜிபேயில் பணம் அனுப்பினால் புத்தகத்தையும் அனுப்பிவிடுவார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் புத்தகத்தின்மேல் வரி என்று ஏதாவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது தபால் செலவு. உண்மையில் பணம் போவது இங்கேதான். அதே 180 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீதம் கழிவு கிடைத்தால் 162, தபாலுக்கு 50 என்று வைத்துக்கொண்டால் 212. கழிவு கொடுத்தும் அட்டை விலையைத் தாண்டிவிட்டது. இதே விலையில் நான்கு புத்தகங்களைச் சேர்த்து வாங்கினால் கழிவு போக 648, தபால் 90 ஆனாலும் மொத்தம் 738, அதாவது ஒன்று 185 ரூபாய்கூட இல்லை. எனவே ஆசைப்படும் புத்தகங்களைப் போனில் குறித்துக்கொண்டே வாருங்கள், நாலைந்து சேர்ந்ததும் பனுவல், காமன்ஃபோக்ஸ், உடுமலை போல பல பதிப்பகங்களின் நூல்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் தளத்தில் மொத்தமாகப் போடுங்கள். அவசரம் இல்லையென்றால் அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட்டில் அனுப்ப முடியுமா என்று கடையில் கேட்டுப் பார்க்கலாம். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்றே வந்த சேவை அது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக வருவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

சென்னைக்காரர்கள் டிசம்பரில் ஆர்டர் போடாமல் பொறுத்திருப்பது நல்லது. ஜனவரிப் புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவு உண்டு, தபால் செலவு இல்லை, அப்புறம் புரட்டிப் பார்த்து வாங்கலாம்.

பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகளெல்லாம் நாட்டுடைமையானவை, யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதனால் ஒரே நாவல் பல விலைகளில் கிடக்கும். விலையை மட்டும் பார்க்காதீர்கள், பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு பதிப்பில் மட்டும் பக்கம் ரொம்பக் குறைந்தால் எழுத்து பொடியாக இருக்கும், அல்லது சுருக்கியிருப்பார்கள். இவற்றில் பலவும் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே இருக்கின்றன, சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த வாரம் தேர்வு, அல்லது ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் படிக்க ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால் ஐம்பது அறுபது கூடப் போனாலும் சீக்கிரம் வரும் இடத்திலேயே வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் 500 ரூபாய் புத்தகம் புத்தம் புதிதாக 150க்கு வருகிறதென்றால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு, எழுதியவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. அட்டைப் படம் மங்கலாக இருக்கும், வரிகள் சாய்ந்திருக்கும், இரண்டாம் முறை விரித்தால் பக்கங்கள் கையோடு வரும்.

நல்ல கடையில் வாங்கினாலும் பார்சலைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கடைசிப் பக்கம் வரை புரட்டிவிடுங்கள். சில பிரதிகளில் ஃபாரம் ஒன்று, அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்கக் கட்டு, விடுபட்டிருக்கும், இல்லை இரண்டு தடவை வந்திருக்கும். மாற்றிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு 97ஆம் பக்கத்தில் வந்து நின்றால் மறுபடியும் காசு கொடுத்துத்தான் மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.