'மிரட்டு' என்னும் சொல்லை இடமறிந்து ஆளுதல்

'மிரட்டு' என்னும் வினையைப் பிழையின்றி ஆள விரும்புகிறவர், முதலில் அதன் இணையான 'மிரள்' என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், கொட்டுச் சத்தம் கேட்ட காளையொன்று காதை விடைத்து, கண்ணை உருட்டி, மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கினால், "மாடு மெரளுதுங்க, கிட்டப் போவாதீங்க" என்பார் அதைப் பிடித்திருப்பவர். மாடு தானே அடையும் கலக்கம் மிரளுதல். அக்கலக்கத்தைப் பிறரிடம் உண்டாக்குவது மிரட்டுதல். உருள் உருட்டு என்றும், சுருள் சுருட்டு என்றும் வருவது போன்றதே இதுவும்.

இந்த வேறுபாடு பெயர்ச்சொல்லிலும் தொடர்கிறது. 'மிரட்சியோடு பார்த்தான்' என்றால் பார்த்தவனே பயந்தவன். 'மிரட்டலாகப் பார்த்தான்' என்றால் எதிரே நிற்பவர் பயப்பட வேண்டியவர். 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற பழமொழியில் சாது யாரையும் மிரட்டவில்லை. பொறுக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டு அவரே மிரண்டுபோகிறார். இதை மாற்றிப் பொருள்கொள்வது அந்தச் சாதுவுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, அண்டைச் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். கதவிடுக்கில் ஒளிந்திருந்து தம்பியைத் திடுக்கிட வைக்கும் அக்காள் அவனைப் பயமுறுத்துகிறாள். அவனிடம் பெற வேண்டியது அவளுக்கு ஒன்றுமில்லை. "அந்தக் கடலைமிட்டாயைக் குடு, இல்லீன்னா அப்பாகிட்டச் சொல்லிப்போடுவேன்" என்றால், அவள் மிரட்டுகிறாள். பணிய வைக்கும் நோக்கம் இருக்கும் இடத்தில் இச்சொல்லே நன்கு பொருந்தும். தாளவாடிப் பக்கம் கரும்புக்காட்டுக்குள் யானைகள் புகுந்தால், அவை உழவர்களை அச்சுறுத்துகின்றன என்று எழுதுவதே சரி. யானைக்கு வேண்டியது கரும்பே தவிர உழவரின் பணிவு அன்று.

சட்டத் தமிழில் 'குற்றமுறு மிரட்டல்' என்ற தொடர் வழங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 351ஆம் பிரிவு அக்குற்றத்தைப் பற்றியது.

வேற்றுமை உருபிலும் கவனம் தேவை: 'அவரை மிரட்டினார்' என்று எழுதுகிற நாம், 'அவருக்கு மிரட்டல் விடுத்தார்' என்று உருபை மாற்ற வேண்டும். கட்டுரையில் 'மிரட்டு' என்றே எழுதுக. கதையில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பாட்டி பேசுவதாக இருந்தால், "ஏனுங்க, பச்சப்புள்ளையைப் போயி இப்படி மெரட்டறீங்க?" என்று அவர் வாய்மொழியை அப்படியே விட்டுவிடுக.