ஓட்ஸ், பட்டாணிக் கலப்புத் தீவனம்: 10 செண்டுக்கு யூரியா எவ்வளவு?

நீலகிரியில் மாடு வைத்திருப்பவர்கள் ஓட்ஸுடன் பட்டாணியைக் கலந்து விதைத்தால், மாவுச்சத்தும் புரதமும் ஒரே அறுப்பில் கிடைக்கும். ஆனால் யூரியாவை அள்ளிப் போட்டால் ஓட்ஸ் மட்டும் எழும்பிப் பட்டாணியை நிழலில் அமுக்கிவிடும். எடை கூடினாலும் புரதத்துக்காகப் போட்ட பயிர் காணாமல் போகும்.

அளவெல்லாம் 10 செண்டுக்கு, அதாவது சுமார் 405 சதுர மீட்டருக்கு.

மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பில், காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கும் பட்டாணியின் வேர் முடிச்சு சரியாக உருவாகாது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால், விதைப்புக்கு 3 வாரம் முன்பே 100 கிலோ டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் மாவு) தூவிக் கொத்திவிடுங்கள். டோலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போட வேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

கோடை மழை கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் விதையுங்கள். பிந்தி விதைத்தால் பட்டாணிப் பூ டிசம்பர் உறைபனியில் கருகும். ஓட்ஸ் 2 கிலோ, பட்டாணி 2.5 கிலோ போதும். பட்டாணி விதையை ஆறிய கஞ்சியில் நனைத்து, 50 கிராம் ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சாண மருந்து கலந்த விதை என்றால் ரைசோபியம் செத்துப்போகும்.

அடியுரமாக 400 கிலோ மட்கிய தொழுவுரம், 15 கிலோ சூப்பர் பாஸ்பேட், 1¾ கிலோ யூரியா. உரம் விதையின் மேல் படக்கூடாது. உருளைக்கிழங்கோ கேரட்டோ எடுத்த நிலமென்றால் யூரியாவே வேண்டாம், பழைய உரமே மிச்சம் இருக்கும். யூரியா போடுவதென்றால், அறுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க 2 மீட்டர் அகலப் பட்டை ஒன்றை யூரியா இல்லாமல் விட்டுவையுங்கள்.

முடிவெடுக்க வேண்டிய கட்டம் 5-ஆவது வாரம். நாலைந்து பட்டாணிச் செடிகளை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை செய்யவில்லை. முடிச்சு சிவந்து, பட்டாணி மூன்றில் ஒரு பங்காவது நிலத்தை மூடியிருந்தால் மேலுரம் போடவே வேண்டாம். இந்த நிலையில் போடும் யூரியா முடிச்சைச் சோம்பேறியாக்கும், ஓட்ஸைத்தான் வளர்க்கும். பட்டாணி அடியோடு நலிந்திருந்தால் அதை ஓட்ஸ் வயலாகவே எண்ணி 2 கிலோ யூரியா தூவலாம். மண் ஈரமாக, இலை காய்ந்திருக்கும்போது தூவுங்கள். பெருமழைக்கு முன் போட்டால் சரிவில் ஓடைக்குத்தான் போகும்.

ஓட்ஸ் பாதி பூத்து, பட்டாணியில் பிஞ்சு பிடிக்கும்போது நாலு விரல் உயரம் விட்டு அறுங்கள். யூரியா போட்ட இடத்திலும் போடாத பட்டையிலும் ஒவ்வொரு சதுர மீட்டர் அறுத்து, ஓட்ஸையும் பட்டாணியையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் கிடைத்த இரண்டின் மொத்த எடையை 405-ஆல் பெருக்கினால் 10 செண்டு விளைச்சல். யூரியா இட்ட இடத்தில் பட்டாணி பாதியாகக் குறைந்திருந்தால் அடுத்த முறை அடியுர யூரியாவையும் பாதியாக்குங்கள்.

அறுத்த பின் பட்டாணி பெரும்பாலும் துளிர்க்காது, ஓட்ஸ் துளிர்க்கும். அப்போது 2 கிலோ யூரியா தரலாம். ஆனால் யூரியா போட்டு 3 வாரம் ஆகும்வரை அந்தத் தழையை அறுக்காதீர்கள். மேகமூட்டத்திலும் பனியிலும் ஓட்ஸில் நைட்ரேட் தேங்கி மாட்டுக்கு நஞ்சாகலாம். முதல் சில நாள் வைக்கோலோடு கலந்தே போடுங்கள்.