துணி போர்த்திய பழைய விமான மாடல்களுக்கு நிறம் கலக்கும் முறை

முதல் உலகப் போர்க் கால விமானங்களைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இறக்கைத் துணியில்தான். எஞ்சினும் கம்பிகளும் பிரமாதமாக அமைந்திருக்கும். இறக்கை மட்டும் வெண்ணெய் தடவிய பிளாஸ்டிக் மாதிரி நிற்கும். டப்பாவின் மேல் ‘லினன்’ (ஆளி நாரில் நெய்த துணி) என்று போட்டிருந்ததை நம்பி அப்படியே அடித்ததன் பலன் அது. லினனுக்கென்று தனி நிறம் ஒன்று கிடையாது. துணி, அதன் மேல் டோப் என்ற இறுக்கும் பூச்சு, அதற்கும் மேல் வார்னிஷ், பிறகு வெயிலும் எண்ணெயும் என்று எல்லாம் சேர்ந்துதான் நாம் பார்க்கும் நிறம்.

டப்பாவைத் திறக்கும் முன், எது துணி, எது துணியில்லை என்று படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியரின் ஆல்பட்ராஸ் டி.III-இன் உடல் வார்னிஷ் அடித்த ஒட்டுப்பலகை. துணி இறக்கையிலும் வாலின் சில பகுதிகளிலும்தான். பிரிட்டிஷ் விமானங்களில் எஞ்சின் மூடி உலோகம், விமானி இருக்கையைச் சுற்றிப் பல இடங்களில் ஒட்டுப்பலகை. துணிக்குக் கலந்த பெயின்டை இவற்றின் மீதும் இழுத்துவிட்டால் முழு மாடலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும்.

நிறமில்லா டோப் அடித்த லினன்

டோப்பின் முதல் வேலை அழகு அல்ல. காயும்போது அது துணியைச் சுருக்கி, மிருதங்கத் தோல்போல இழுத்துப் பிடிக்கும். நிறமி கலக்காத டோப் என்றால் துணியின் நிறம் அப்படியே தெரியும், லேசாக மஞ்சளித்து, கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி.

மாதிரிக்குக் கால் மீட்டர் காடாத் துணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் மர வார்னிஷ் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே வார்னிஷ் எவ்வளவு நிறம் ஏற்றுகிறது என்பது புரிந்துவிடும். லினன் காடாவைவிடச் சற்று சாம்பல் ஓடியது, அதை மனதில் கழித்துக்கொள்ளுங்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு அந்தக் கழித்தல்கூட வேண்டாம்: அதில் போர்த்தியது வெளுக்காத பருத்தி மஸ்லின், டோப்பே கிடையாது.

டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்டில் தொடங்கும் அளவு இது. புதிய பிரிட்டிஷ் லினனுக்கு எக்ஸ்எஃப்-55 டெக் டேன் 2 பங்கு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை 1 பங்கு. வெயிலில் நின்று பழுத்த துணிக்கும் வார்னிஷ் ஏறிய துணிக்கும் எக்ஸ்எஃப்-57 பஃப் 3 பங்கு, வெள்ளை 2 பங்கு. பெரும்பாலான கலவைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்திலுள்ள வெள்ளை வளையம் துணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் துணி நிறத்தில் வெள்ளை அதிகமாகிவிட்டது.

பிசி10 பச்சையா, பழுப்பா?

பிரிட்டிஷ் விமானத் துணிக்கு அடித்த நிறப் பூச்சுதான் பிசி10. அதன் நிறம் பற்றிய இந்தச் சண்டை மாடல்காரர்களிடையே ஓயாது. அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் இரண்டு கட்சியும் சரி என்று தெரியும். வெயில் லினனை அரித்துவிடும் என்பதால் 1916 வாக்கில் பிரிட்டிஷார் நிறமி கலந்த பூச்சுக்கு மாறினார்கள். அதில் இருந்தது மஞ்சள் காவியும் கொஞ்சம் புகைக்கரியும். மஞ்சளில் கருப்பு சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை ஓடும். எக்ஸ்எஃப்-3 மஞ்சளில் ஒரு சொட்டுக் கருப்பு விட்டுப் பாருங்கள், ஆலிவ் பச்சை வந்து நிற்கும். கரியின் அளவு, கரைத்த ஊடகம், மேலே பூசிய வார்னிஷ், வயது இவற்றைப் பொறுத்து அதே பூச்சு காக்கிப் பச்சையிலிருந்து சாக்லேட் பழுப்பு வரை போகும்.

புதிதாக வந்திறங்கிய விமானத்துக்கு எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் 4 பங்கு, எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன் 1 பங்கு. பல மாதம் வெயிலில் நின்றதற்கு 2-க்கு 1. மத்தியக் கிழக்கில் பறந்தவற்றுக்குப் பயன்பட்ட பிசி12 இதைவிடச் செம்பழுப்பு. அதற்குச் சரிபாதி கலந்து தொடங்கலாம்.

சிறிய அளவு மாடலில் அடர் நிறம் கருத்துத் தெரியும். 1/72-க்கு சுமார் 15 சதவீதம், 1/48-க்கு 10 சதவீதம் வெளிர்நிறம் சேர்ப்பது வழக்கம். வெள்ளையைச் சேர்க்காதீர்கள், பிசி10 சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும், பஃப்தான் சரி. கீழ்ப்பக்கம் பொதுவாக நிறமில்லா லினன்தான். விமானி அறையின் உள்பக்கமும் அப்படியே, ஏனென்றால் பூச்சு வெளிப்பக்கத்தில் மட்டும். உள்ளேயும் பச்சை அடிப்பது அடிக்கடி பார்க்கும் தவறு.

வெள்ளி டோப் அடித்த நியூபோர்ட் 17 போன்றவற்றுக்கு உலோகப் பளபளப்பு ஆகாது. எக்ஸ்எஃப்-16 அலுமினியம் 8 பங்கு, எக்ஸ்எஃப்-19 ஸ்கை கிரே 2 பங்கு போதும். பக்கத்திலுள்ள உலோக மூடியைவிட மங்கலாக இருக்க வேண்டும். ஜெர்மானியரின் அறுங்கோணக் கட்டத் துணியோ அச்சடித்த துணி, அதைக் கையால் வரைய முயலாமல் டீகால் (மாடலில் ஒட்டும் அச்சுப்படம்) வாங்குங்கள். மேலுக்கு அடர்ந்த தொகுதி, கீழுக்கு வெளிர்ந்த தொகுதி, மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

பழைய படங்களை நம்பும் முன்

அந்தக் கால ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், மஞ்சளும் இருண்டு விழும், நீலம் வெளுத்துவிடும். வட்டச் சின்னத்தில் நீல வளையம் வெளிறி, நடுவிலுள்ள சிவப்பு கருத்திருந்தால் அந்த வகைப் பிலிம்தான். அந்தப் படத்தில் இருண்டு தெரியும் இறக்கையைப் பார்த்து ‘இது அடர் பச்சை’ என்று முடிவு கட்ட முடியாது.

சோதித்துப் பார்ப்பது

நேராக மாடலில் அடிக்காதீர்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஐந்தாறு எடுத்து, மாடலுக்கு அடிக்கும் அதே பிரைமரை (அடிப்பூச்சை) அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை, பாதிக்கு மட்டும் வார்னிஷ். காய்ந்த நிறம் ஈர நிறத்தைவிட அடர்ந்துவிடும். 24 மணி நேரம் கழித்தே தீர்ப்பு, ஐப்பசி, கார்த்திகை மழையில் 48.

பார்க்கும் வெளிச்சம் முக்கியம். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் 6500 கெல்வின் டியூப் நீலம் ஓடியது; அதன் கீழ் லினன் சாம்பலாகத் தெரிய, கை தானாக மஞ்சளைச் சேர்க்கும். மறுநாள் பார்த்தால் இறக்கை மஞ்சள் குளித்து நிற்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு பால்கனி நிழலில் வைத்துத் தீர்மானியுங்கள்.

சென்னைக் காற்று செய்யும் கோளாறுகள் இரண்டு. மழைக்காலத்தில் லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, அதில் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். ஏசியை ‘டிரை’யில் போட்டு அரை மணி நேரம் கழித்து அடியுங்கள், கம்ப்ரசரில் தண்ணீர்ப் பொறி இருக்கட்டும். மே மாதத்தில் இதற்கு நேர் எதிர்: அக்ரிலிக் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள்போல் சொரசொரவென்று விழும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விட்டு, ஏர்பிரஷை 10 செ.மீ. தூரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அடிக்கும் வரிசை

நிறமில்லா லினனுக்கு வெள்ளை பிரைமர். கீழ்ப்பக்கத்தில் விலாச் சட்டங்களும் ஸ்பாரும் (இறக்கையின் நீளவாட்டு முதன்மைச் சட்டம்) வரும் இடங்களில் அடர் பழுப்பை மெல்லிய கோடாக அடியுங்கள். அதன் மேல் பெயின்ட் 1, தின்னர் 2 என்று நீர்க்கக் கலந்த துணி நிறத்தை 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மூன்று நான்கு மென்தூவலாக ஏற்றுங்கள். கோடு நிழலாக மட்டும் தெரியும்போது நிறுத்திவிட வேண்டும்; மேலிருந்து வரும் ஒளி துணி வழியே இறங்குவதுபோல் இருக்கும். இதை அளவு மீறிச் செய்து, பட்டினி மாட்டின் விலா எலும்பு மாதிரி ஆக்கிவிட்டவர்கள் நிறைய. மேல்பக்கத்துக்கு இதில் பாதி போதும், பிசி10 அடித்த இடத்துக்கு அதுவும் வேண்டாம். பிரஷால் அடிப்பவர்கள் முன்னிருந்து பின்னாக, விலாச் சட்டம் ஓடும் திசையிலேயே இழுத்தால் கோடுகள் மறையும்.

டோப் அடித்த துணிக்கு இயல்பாகவே லேசான மினுமினுப்பு உண்டு. கடைசி வார்னிஷ் சாட்டினாக (பாதிப் பளபளப்பாக) இருக்கட்டும்; பளபளப்பே இல்லாத முழு மேட் அடித்தால் அட்டைபோல் ஆகிவிடும். டீகாலின் வெள்ளை மெலிந்து, அடியில் உள்ள நிறம் தெரிந்தால் அந்த வட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே வெள்ளை அடித்துவிடுங்கள்.

சுழல் எஞ்சின் விமானங்களில் மசகாக ஊற்றியது விளக்கெண்ணெய். அது வெளியே தெறித்து எஞ்சின் மூடிக்குப் பின்னால் வயிற்றுத் துணியெங்கும் ஊறும். வார்னிஷ் காய்ந்த பிறகு எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு 1 சொட்டு, எக்ஸ்-19 ஸ்மோக் 2 சொட்டு, தின்னர் 10 சொட்டு கலந்து, முன்னால் அடர்ந்தும் பின்னால் தேய்ந்தும் போகும்படி தூவுங்கள். எண்ணெய் ஊறிய இடம் சுற்றுப்புறத்தைவிடப் பளபளப்பாக இருக்கும் என்பதால் அதன் மேல் மறுபடி சாட்டின் போகக் கூடாது.